முதல்ல நீங்க சொல்லுங்க சம்பந்தி

அழைப்பு மணியை அழுத்தப் போன விரல் பாதியிலேயே நின்றுவிட்டது. உள்ளே சம்பந்தியின் குரல் கணீரென்று கேட்டது.

"தோட்டக்காரனாவது மண்ணாவது! அந்த வயலின் வாத்தியார்தான்டி கொன்னது. இந்த வீட்டுக்கே இன்னைக்குத்தான் வர்றேன்னான். வந்ததும் கதவுக்குப் பின்னால கையை விட்டு, பாக்காமலே ஆணியில குடையை மாட்டுறான் பாரு. அங்க ஆணி இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

கதவுக்கு வெளியே பிஸ்கட் பொட்டலத்தோடு நின்றிருந்த மாஸ்டருக்கு ஐந்து மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. சம்பந்தி ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்த்து ஓட வைக்கிறவர், ஆனால் அவர் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் நின்று நான்கு மாதமாகிறது. மாஸ்டர் அதைப் பற்றிச் சொல்ல ஒரு கிண்டலை மூன்றாவது மாடியிலேயே தயார் செய்து வைத்திருந்தார். இப்போது அது தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஏனென்றால் அவருடைய கணிப்பு தோட்டக்காரன்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு டிவியில் 'மூடாத கோப்பு' ஆரம்பித்தால் இந்த இரண்டு வீட்டிலும் குழாயைக்கூடத் திறக்க மாட்டார்கள். பத்தொன்பது வருடமாக ஓடுகிற தொடர். குடையோடு வரும் அதே இன்ஸ்பெக்டர், தலைமுடி மட்டும் மூன்று நிறம் மாறிவிட்டது. ஒவ்வொரு வாரமும் ஒரு பிணம், ஐந்தாறு பொய்யர்கள், ஒரு மணி நேரத்தில் உண்மை. எந்த வீட்டுக்குள் போனாலும் இன்ஸ்பெக்டர் முதலில் கேட்பது ஒரே கேள்வி. "நாளைக்கு இவர் என்ன செய்யறதா இருந்தார்?" பல் டாக்டரிடம் நேரம் வாங்கிவைத்திருப்பார், மின்சாரக் கட்டணம் கட்டுவதாக இருப்பார், பேத்திக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லித் தருவதாக இருப்பார். செத்தவன் என்று ஒதுக்கிவிடாமல், அவனுக்கும் ஒரு 'நாளை' இருந்ததே என்று மெனக்கெடுகிற அந்த மனிதனை மாஸ்டருக்கு அவ்வளவு பிடிக்கும். பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் நாளெல்லாம் உட்கார்ந்து ஊராருக்குப் பல் செட் செய்கிறவர் அவர், 'மாஸ்டர்' என்ற பேர் வந்ததும் அங்கேதான். நன்றி எல்லாம் முன்னறை டாக்டருக்குப் போகும், குறை மட்டும் தவறாமல் பின்னறைக்கு வரும். வாரத்தில் ஒரு மணி நேரமாவது உலகம் நியாயமாக நடப்பதைப் பார்த்தால் அவருக்கு உடம்புக்கு நல்லது.

அதைவிட நல்லது எட்டு இருபத்திரண்டுக்கு வரும் விளம்பர இடைவேளை. அப்போது சம்பந்தி போன் செய்வார். கொலைகாரன் யார் என்று ஆளுக்கொரு பேர் சொல்ல வேண்டும், சொன்னதை மாற்றக் கூடாது. பதினோரு வருடத்துக்கு முன்னால், பையனுக்கும் சம்பந்தியின் பெண்ணுக்கும் கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. பிள்ளைகள் வேலைக்காக வேறு ஊர் போய் ஆறு வருடமாகியும் இது நிற்கவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு என்றாலும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்ததில்லை. போனால் காபிக்குப் புதுக் கோப்பை எடுப்பார்கள், சம்பந்தியம்மா சேலை மாற்றிக்கொண்டு வருவார், நாற்காலியைத் துடைப்பார்கள். அந்த உபசாரத்தில் பிணத்தைக் கண்டெடுப்பதற்குள் பாதிக் கதை போய்விடும். இன்றைக்கு எட்டு பத்துக்கு மாஸ்டரின் தெருவில் மின்சாரம் போய்விட்டதால்தான், "அங்க போய்ப் பாருங்களேன், எதுக்கு இருட்டுல பல்லைக் கடிக்கிறீங்க?" என்று மனைவி விரட்டிவிட்டாள்.

பதினோரு வருடக் கணக்கில் மாஸ்டர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். அவர் சொன்னது தப்பாகப் போன வாரங்கள் உண்டு, அப்போதெல்லாம் சம்பந்தி சொன்னதும் தப்பாகப் போயிருக்கும். இரண்டு பேரும் சரியாகச் சொன்ன வாரங்களும் உண்டு. ஆனால் சம்பந்தி மட்டும் தனியாக ஜெயித்த வாரம் ஒன்றுகூட இல்லை. பின்னறையில் பல் தேய்க்கும் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து இதை நினைத்து மாஸ்டர் பலமுறை தனியாகச் சிரித்திருக்கிறார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் சம்பந்தி, இந்தப் பக்கம் மாஸ்டர். திருடனைப் போல நுனிக்காலில் அரை மாடி இறங்கி நின்று எடுத்தார்.

"வணக்கம் சம்பந்தி. முதல்ல நீங்க சொல்லுங்க."

எப்போதும் அப்படித்தான். முதல் வார்த்தை பிள்ளை வீட்டாருக்கு. மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, "தோட்டக்காரன்" என்றார்.

"அடடா!" என்றது போன். கணீர்க் குரல் போன இடம் தெரியவில்லை. "உங்க மூளையே மூளைங்க. எனக்கென்னமோ அந்த அத்தைக்காரி மேலதான் சந்தேகம். பார்ப்போம், வழக்கம்போல நீங்கதான் ஜெயிப்பீங்க."

மாஸ்டர் நான்கரை மாடியை எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. பிஸ்கட் வாங்கிய முக்குக் கடையில் ஒரு சின்ன டிவி ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயே நின்று மிச்சத்தைப் பார்த்தார். ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் இன்ஸ்பெக்டர் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியைக் காட்டினார். வயலின் வாத்தியாரின் முகத்தில் ஈயாடவில்லை. மாஸ்டரின் முகத்திலும்தான். சம்பந்திக்குக் கொண்டுபோன பிஸ்கட்டைப் பிரித்து, ருசியே தெரியாமல் ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தார்.

அடுத்த மூன்று நாளும் மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. பழைய வாரங்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். கப்பல் சமையல்காரன் கதையில் சம்பந்தி ஒரு நொடி தயங்கிவிட்டு, கொலைக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத தபால்காரனைச் சொன்னாரே, அதற்கு என்ன அர்த்தம்? இரட்டைச் சகோதரிகள் கதையில் "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாரே? ஐந்நூறு வெள்ளிக்கிழமைகளும் மாஸ்டரைப் பார்த்துப் பல்லிளித்தன. தோற்றதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. ஊரில் மனம்விட்டுப் பேச தனக்கு ஒரு ஆள் இருக்கிறார் என்று நினைத்திருந்தாரே, அந்த ஆள் பதினோரு வருடமாகத் தன்னிடம் மரியாதைதான் செய்திருக்கிறார் என்பதுதான் வலித்தது.

"விட்டுக் குடுத்ததுக்குச் சந்தோஷப்படுவீங்களா, அதை விட்டுட்டு ஏதோ கொலையே நடந்த மாதிரி உக்காந்திருக்கீங்க," என்றாள் மனைவி.

"கேக்கத்தான் போறேன். செவ்வாய்க்கிழமை பல் அளவுக்கு வர்றாரு."

லிஃப்ட் கதவு இடித்து, சம்பந்திக்கு மேல்வரிசையில் முன்பல் மூன்று என்றைக்கோ போய்விட்டன. மாஸ்டர் செய்து கொடுத்த பழைய செட் போன மாதம் விரிசல் விட்டிருந்தது. அளவெடுப்பது டாக்டரின் வேலைதான். ஆனால் சம்பந்தி என்பதால் டாக்டர் சிரித்துக்கொண்டே, "நீங்களே எடுங்க மாஸ்டர்" என்று விட்டுவிட்டார்.

அளவெடுக்கும் பசையைக் குழைத்து, வாய்க்குள் வைக்கிற வளைந்த தட்டில் நிரப்பி, சம்பந்தியின் மேல்வாயில் அழுத்திப் பிடித்தார் மாஸ்டர். அது இறுக மூன்று நிமிடமாகும். அதுவரை வாய் பேச முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. இப்படி ஒரு வசதி அந்த இன்ஸ்பெக்டருக்குக்கூட அமைந்ததில்லை.

"ஆடாம இருங்க. நான் கேக்கறதுக்குக் கண்ணை மட்டும் மூடித் திறங்க. ஒரு தடவைன்னா ஆமாம், ரெண்டு தடவைன்னா இல்லை."

சம்பந்தியின் கண்கள் அகன்றன.

"போன வெள்ளிக்கிழமை உங்க வீட்டு வாசல்ல நின்னுட்டிருந்தேன். கொலைகாரன் வயலின் வாத்தியார்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

சம்பந்தியின் பார்வை மேலே விளக்குக்கு ஓடியது. பிறகு கண்கள் ஒருமுறை மூடித் திறந்தன.

"தெரிஞ்சேதான் அத்தைக்காரின்னு சொன்னீங்க."

ஒருமுறை.

"எல்லா வாரமும் இப்படித்தானா?"

ஒருமுறை. கடைவாயில் எச்சில் வழிந்தது. மாஸ்டர் துண்டால் துடைத்துவிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தாலும் கை தன் வேலையைச் செய்தது.

"நான் ஒண்ணும் தெரியாத முட்டாள், ஏமாத்தலாம்னு நினைச்சீங்களா?"

சடசடவென்று இரண்டு தடவை. மறுபடி இரண்டு தடவை. மறுபடியும்.

தட்டைக் கழற்றியதும் சம்பந்தி வாயைக் கொப்பளித்துத் துப்பினார். நடு வாயில் பல்லில்லாத மனிதர் அசடு வழிய உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"முதல் வாரம் நான்தான் ஜெயிச்சேன்," என்றார். பல்லில்லாததால் காற்று அதிகம் வந்தது. "நர்ஸ்தான் கொன்னான்னு நான் சொன்னேன், நீங்க டாக்டர்னு சொன்னீங்க. ஞாபகமிருக்கா?"

"இல்லையே."

"எனக்கு இருக்கு. கதை முடிஞ்சதும் உங்களுக்குப் போன் பண்ணி நல்லா சத்தமா சிரிச்சிட்டேன். நீங்க 'ஓகோ'ன்னு சொல்லி டக்குனு வெச்சிட்டீங்க. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் என் போனை எடுக்கலை. பொண்ணு உங்க வீட்டுக்கு வந்து அப்போ ஒரு மாசம்கூட ஆகலை. அவ போன் பண்ணி, 'அப்பா, மாமா யார்கிட்டயும் பேசாம சாப்பிட்டுட்டு எழுந்து போறாரு, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா'ன்னு அழுதா." சம்பந்தி கோப்பையிலிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு பாழாப்போன நாடகத்துக்காக எம் பொண்ணு அழணுமா? நீங்க மறுபடி போனை எடுத்த வாரம் தோத்தேன். உங்க குரல்ல உடனே ஒரு குஷி. அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

மாஸ்டர் வாயைத் திறந்தார். போன் பழுது என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. பழுதில்லாத போனை ஊரறியக் கடைக்குக் கொண்டுபோய்ப் 'பழுது பார்த்து' வந்ததும் நினைவுக்கு வந்தது. அந்த நாட்களில் புதுப்பெண் ஒருத்தி சமையலறை வாசலில் தட்டோடு நின்று தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அதைப் பசி நேரத்துத் தொந்தரவு என்று நினைத்தார். மூன்று நாளாகக் குற்றவாளியைத் தேடியவர் இப்போது தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது, நன்றாகவே வெட்கமாக இருந்தது.

"பல்லு வெள்ளிக்கிழமைக்கு ரெடியாயிடும்," என்றார் கடைசியில். "நானே கொண்டுவரேன். எட்டு மணிக்கு முன்னாடி. புதுக் கோப்பையை எடுத்தீங்கன்னா வாசலோட திரும்பிடுவேன்."

வெள்ளிக்கிழமை மறுபடி ஐந்து மாடி. லிஃப்ட் கிண்டலை மறக்காமல் சொன்னார். "ஊருக்கெல்லாம் மேலும் கீழும் வழி பண்றீங்க, சம்பந்தி வந்தா மட்டும் ஏற விடறீங்க." சம்பந்தியம்மா வாய்விட்டுச் சிரித்தார், சேலையும் மாற்றவில்லை. சம்பந்தி மட்டும் உதட்டை மூடிக்கொண்டு அளவாகச் சிரித்தார். புதுப் பல் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. கடித்துப் பார்க்கச் சொல்லி, விரலால் ஆட்டிப் பார்த்து, மாஸ்டர் திருப்தியடைந்தார்.

போனில் சொல்வதற்குப் பதில் துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, டிவி மேசையிலிருந்த தண்ணீர் ஜாடிக்கு அடியில் வைப்பதென்று பேச்சு. மாஸ்டர் வேகமாக எழுதினார். சம்பந்தி பேனாவை வைத்துக்கொண்டு மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"மனசுல இருக்கிறதை எழுதுங்க. இல்லேன்னா அந்த மூணு பல்லையும் இப்பவே திருப்பி வாங்கிட்டுப் போயிடுவேன்."

சம்பந்தி எழுதினார்.

இடைவேளை முடிந்தது. இன்ஸ்பெக்டர் குடையை ஊன்றி ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் நின்றார். எல்லா முகங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு, மாஸ்டர் எழுதியிருந்த மேனேஜரைத் தாண்டிப் போனார். துணி வெளுப்பவளையும் தாண்டிப் போனார். கடைசியில் சாவிப் பலகைக்கு முன்னால் கைகட்டி நின்றிருந்த கணக்கரின் தோளில் கை வைத்தார்.

"ஹா!"

அது மனிதனின் தொண்டையிலிருந்து வந்த சத்தமா, பதினோரு வருடமாக அடைத்து வைத்திருந்த ஏதோ ஒன்றா என்று சொல்ல முடியாது. சம்பந்தி சோபாவைவிட்டு எழுந்து நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, வாயை முழுசாகத் திறந்து சிரித்தார். கச்சிதமாகப் பொருந்தியிருந்த புதுப் பல் அந்தச் சிரிப்பில் கழன்று, டிவி வெளிச்சத்தில் ஒருமுறை மின்னி, தரையில் துள்ளி, சோபாவுக்கு அடியில் போய் மறைந்தது.

சிரிப்பு அப்படியே நின்றது. சம்பந்தி உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சம்பந்தியம்மா கணவரைப் பார்க்கவில்லை, மாஸ்டரைத்தான் பார்த்தார். ஜாடிக்கு அடியிலிருந்த சீட்டுகளை யாரும் எடுக்கவில்லை. டிவியில் பேர் ஓடத் தொடங்கி, பத்தொன்பது வருடப் பழைய இசை வந்தது.

மாஸ்டருக்குக் காது சூடாகியிருந்தது. பழைய 'ஓகோ' நாக்கின் நுனி வரை வந்து நின்றதை அவர் உணர்ந்தார். அதை விழுங்கினார். சுலபமாக இல்லை.

"தப்பு என்னோடதுதான்," என்றார். "நீங்க உதட்டை மூடிச் சிரிக்கிற வாய்க்கில்ல அளவெடுத்தேன்."

சொல்லிக்கொண்டே முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்து, போன் விளக்கைப் போட்டு, சோபாவுக்கு அடியில் தலையை நுழைத்தார். ஒரு பேனா மூடி, ஒரு பொத்தான், கொஞ்சம் தூசி. பக்கத்தில் சம்பந்தியும் மூச்சு வாங்கக் குனிந்தார்.

"அடுத்த வாரம் போனை எடுப்பீங்கல்ல சம்பந்தி?" காற்றாக வந்தது குரல்.

"ஷ்! கையை வெச்சிடாதீங்க, தடயம்," என்றார் மாஸ்டர்.

விளக்கு வெளிச்சம் மெல்ல நகர்ந்து போய், சுவரோரத்தில், சிரித்தபடி கிடந்த மூன்று பற்களின் மேல் நின்றது.