வாங்காத துவக்கு

"சொல்லுகா தங்கச்சி. சனம் வெயிலுக்க நிக்கிது."

முபாறக் திரைச்சீலைக்கு வெளியே நின்று கேட்டார். உள்ளே அவருடைய தங்கை முனவ்வறா பாயில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முன்னறையில் அவள் புருஷன் முஹ்ஸினைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குக் கொண்டு போகவேண்டும்.

மையித்தை எடுக்குமுன் குடும்பத்து ஆண் ஒருவர் வாசலில் நின்று, இவர் யாருடைய மனதையாவது நோகடித்திருந்தால் மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று வந்தவர்களிடம் கேட்பார். அதற்கு முன் பெண்சாதியின் பொருத்தம் வாங்கவேண்டும். அந்தக் குடும்பத்தில் காலங்காலமாக அப்படித்தான். புருஷனோடு முகம் கோணாத பெண்ணும் சொல்லுவாள், ஒரு நாளும் சண்டை ஓயாத பெண்ணும் சொல்லுவாள். யோசித்துச் சொல்லுகிற சொல்லே அல்ல அது.

"பொருந்திக்கிட்டன் எண்டு ஒரு வார்த்தை சொல்லு. நான் போய்ச் சொல்லிர்ரன்."

"ஏலா காக்கா," என்று அண்ணனிடம் சொன்னாள் முனவ்வறா.

அறைக்குள் யாஸீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள். மகள் ஸம்றா தாயின் கையைப் பிடித்தாள். "உம்மா, வாப்பா பாவம் உம்மா."

"பாவம்தான். ஆரு இல்லெண்ட? எனக்குப் பொய் சொல்லிப்போட்டுப் போய்ச் செத்த மனிசன். எப்பிடிப் பொருந்துற?"

ஊரில் யாரும் இப்படிச் சொல்லி முபாறக் கேட்டதில்லை. பெண் துக்கத்தில் பேசுகிறாள், கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்துத் திரையை விட்டு விலகினார்.

முஹ்ஸினின் வீடு சாய்ந்தமருதில், வயல் இறக்காமத்தில். நேற்று விடியலில் வயல்வாடியில், காவல் குடிசைக்குள், சுபஹ் தொழுதுவிட்டு வரம்பால் வீதிக்கு நடந்து வந்தவரை, பற்றைக்குள் மறைந்து நின்ற ஒற்றை ஆனை அடித்துவிட்டது. கையில் ஆனையை விரட்ட எறிகிற ஆனை வெடி இருந்தது. பனியில் நமுத்துப்போன திரி பற்றவில்லை. ஆனை முகத்தைத் தொடவில்லை. வந்த பெண்கள் அதற்கும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். வெளியே கதிரைகளில் இருந்த ஆண்கள் சொன்னது வேறு. துவக்கு ஒன்று வாங்கியிருந்தால் மனிசன் இருந்திருக்கும் என்றார்கள். அது ஜன்னலால் உள்ளே வந்துகொண்டேயிருந்தது. அவர்களுக்குத் தெரிந்ததைவிட முனவ்வறாவுக்குக் கூடுதலாகத் தெரியும்.

துவக்கு வாங்கச் சொன்னவளே அவள்தான். இரண்டு போகம் வெள்ளாமையை ஆனை உழக்கிவிட்டுப் போனபிறகு, பயிர்க்காவலுக்கு அனுமதி எடுக்கவென்று ஊர் விதானையாரிடமும் அரசாங்கக் கச்சேரியிலும் அலைந்தவள் அவள். முஹ்ஸின் எழுத்து வேலையென்றால் ஓடி ஒளிகிற ஆள். அனுமதி கிடைத்ததும் புருஷன் தனியாகப் போனால் வெறுங்கையோடு வருவார் என்று பயந்து, போன மாதம் தானும் கூடவே கடைக்குப் போனாள். துவக்குப் பிடித்துப் பழகியவரென்று பக்கத்து வயற்காரர் புண்ணியமூர்த்தியையும் முஹ்ஸின் காரைதீவிலிருந்து கூட்டி வந்திருந்தார்.

கடைக்காரர் மேசையில் துணியை விரித்து அதை வைத்தார். குழாய் கட்டையான துவக்கு. முனவ்வறாவுக்கு முதலில் விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் தெரிந்தது. ஒரு தரம் விசையை இழுத்தால் ஒரு வெடி, அடுத்த தோட்டா தானாக வந்து உட்காரும், திரும்ப இழுத்தால் போதும் என்றார் கடைக்காரர்.

முஹ்ஸின் அதை மாடு வாங்குகிறவர் மாதிரிப் பார்த்தார். தோட்டா இல்லையென்று முதலில் தன் கண்ணால் பார்த்துக்கொண்டார். குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே துரு இருக்கிறதா என்று பார்த்தார். இரண்டு கையிலும் ஏந்தி நிறை பார்த்தார். தோளில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். "மழையில நனைஞ்சா இறுகுமா?" "நமுத்த தோட்டாவைத் தள்ளுமா, உள்ளுக்க சிக்குமா?" என்று கேட்டார். புண்ணியமூர்த்தி வாடியின் அகலத்தைக் கைகளால் காட்டி, நீட்டுத் துவக்கென்றால் கம்பில் இடிக்கும், இது உள்ளுக்குள்ளேயே திரும்பும் என்றார். புண்ணியமூர்த்திக்கு அது பிடித்துவிட்டது.

கடைசியில் முஹ்ஸின் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டார். இருட்டில் கை பழகுமா என்று பார்க்கிறார் என்று முனவ்வறாவுக்கு விளங்கியது. அவருடைய பெருவிரல் பூட்டைத் திறந்தது, மற்ற விரல் விசையில் போய் நின்றது. தேடவே இல்லை. டிக்கென்று வெறும் சத்தம் கேட்டது. "பாத்தீங்களா, உங்களுக்கெண்டே செஞ்ச மாதிரி," என்று கடைக்காரர் சிரித்தார். முனவ்வறாவும் சிரித்தாள். முஹ்ஸின் கண்ணைத் திறந்து புண்ணியமூர்த்தியைப் பார்த்தார். பிறகு துவக்கைத் துணியில் வைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அவள் கேட்டபோது, "கட்டை கூடிப்போச்சு புள்ள. கைக்குச் சரிவரல்ல," என்றார்.

அது பொய். அவள் கண்ணால் பார்த்தவள். ஒரு கிழமையாக அவள் கத்தினாள், அழுதாள், சோற்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் போனாள். மனிசன் வாயே திறக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்றுகூடச் சொன்னாள். அதற்கும் சிரித்துவிட்டு வாடிக்குப் போனார். சொன்னது இப்போது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஆனாலும் பொய் பொய்தானே. அந்தப் பொய்க்கு என்ன காரணமென்று தெரியாமல் பொருந்திக்கிட்டன் என்றால், அதுவும் ஒரு பொய்யாகத்தான் இருக்கும். மையித்துக்கு முன்னால் அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"காக்கா," என்று கூப்பிட்டாள். "புண்ணியமூர்த்தி அண்ணன் வந்திரிக்கிறாரா?"

"மதிலடியில நிக்கிறாரு. ஆஸ்பத்திரியால விடியச்சாமம் மையித்தக் கொண்டுவந்த மனிசன், இன்னும் பச்சத்தண்ணி குடிக்கல்ல."

"வரச் சொல்லுங்க. கதைக்கணும்."

"மையித்து வீட்டுக்குள்ள கிடக்கக்குள்ள வெளி ஆம்பிளையோட கதைக்கிற நேரமா இது?"

"திரைக்கு அங்கால நிக்கட்டும். நீங்களும் நில்லுங்க. அவரு வராம நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

முபாறக் போய்க் கூட்டி வந்தார். திரைக்குக் கீழே சேறு காய்ந்த இரண்டு கால்கள் வந்து நின்றன. ஒரு கணுக்காலில் சுட்ட தழும்பு ஒன்று பளபளவென்று இருந்தது.

"தங்கச்சி," என்றார் புண்ணியமூர்த்தி.

"அண்ணன், கடையில அந்தத் துவக்கில என்ன பிழை? நீங்களும் பாத்த நீங்கதானே."

"ஒரு பிழையும் இல்ல."

"அப்ப ஏன் வாங்கல்ல?"

அவர் ஒரு காலை மற்றக் காலில் தேய்த்தார்.

"போன மாரியில ஒருநாள் ஆனை வயல் வட்டைக்குள்ள இறங்கிட்டு. நான் என்ட வாடியில தனிய. பயந்திட்டன், பொய் சொல்லக்கூடா. ஆனை நிக்கக்குள்ள நாங்க ஆரும் கூப்பிடுறல்ல, லைட்டும் அடிக்கிறல்ல. சத்தத்துக்கு அது வந்திரும். அதால பேசாம வரம்பில குனிஞ்சு குனிஞ்சு முஹ்ஸின் தம்பிட வாடிக்கு வந்தன். அவரு ஆனைதான் எண்டு நினைச்சு வெடியப் பத்தவெச்சு எறிஞ்சிட்டாரு. சாரன் எரிஞ்சு, இந்தக் காலும் எரிஞ்சுது. மறுகா ரெண்டு பேரும் விடியும்வரைக்கும் சிரிச்சம். வீட்டில சொல்லவேணாம் எண்டு முடிவெடுத்தம்."

முனவ்வறா அந்தத் தழும்பைப் பார்த்தாள்.

"கடையால வந்து, நீங்க பஸ்ஸுக்கு முன்னுக்குப் போகக்குள்ள எனக்குச் சொன்னாரு. 'அண்ணன், சாமான் நல்ல சாமான், அதுதான் பயமாயிரிக்கி. நான் யோசிக்க முந்தி விரல் போயிட்டு. அண்டைக்கு இது என்ட கையில இருந்திருந்தா, நீங்க ஆனையா ஆளா எண்டு நான் பாக்குறத்துக்கிடையில எல்லாம் முடிஞ்சிருக்கும்' எண்டாரு. நான் சொன்னன், நான் இனி வரல்ல தம்பி, என்ட வாடியிலயே கிடக்கிறன், நீங்க வாங்குங்க எண்டு. கேக்கல்ல."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க, அந்த மனிசனை வரவேணாம் எண்டு சொல்லிப்போட்டுத் துவக்க வாங்குங்க எண்டு சொல்லுவீங்களாம்."

"ஓம்," என்றாள் முனவ்வறா. "சொல்லித்தான் இரிப்பன்."

வெளியே முபாறக் தொண்டையைச் செருமினார். முனவ்வறாவுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. இந்த மனிசனுக்குக் குண்டு பட்டுவிடும் என்று யோசித்தாரே, நான் தனித்துப்போவேன் என்று ஒரு நிமிஷம் யோசித்தாரா? யோசித்திருப்பார். யோசித்துவிட்டுத்தான் கட்டை கூடிப்போச்சு என்று சொல்லியிருப்பார். முப்பது வருஷம் கூட இருந்தவளுக்கு அது தெரியாதா? வந்த அழுகையை அவள் இவ்வளவு நேரமும் பிடித்து வைத்திருந்தாள். இப்போது அது தன்பாட்டில் வந்தது. ஸம்றா தாயின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"தங்கச்சி," என்றார் புண்ணியமூர்த்தி திரைக்கு அப்பாலிருந்து. "உங்கட ஆக்கள் கேக்குற மாதிரி எனக்குக் கேக்கத் தெரியா. என்னையும் பொருந்திக்கொள்ளுங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நீங்க என்ன செஞ்ச? பயந்து வந்த நீங்க. அவரும் பயந்துதான் எறிஞ்ச." பிறகு குரலை உயர்த்தினாள். "காக்கா, பொருந்திக்கிட்டன் எண்டு சொல்லுங்க. கோவம் போகல்ல. அதைச் சனத்துக்குச் சொல்லத் தேவல்ல."

முபாறக் வாசலுக்குப் போனார். அவர் சபையிடம் பொருத்தம் கேட்கிற குரலும், பொருந்திக்கொண்டோம் என்று ஆண்கள் ஒன்றாகச் சொன்ன சத்தமும் உள்ளே கேட்டன. பெண்களைக் கடைசியாக முகம் பார்க்க விட்டார்கள். முனவ்வறா குனிந்து நெடுநேரம் பார்த்தாள். திட்டவுமில்லை, கதறவுமில்லை. சால்வை ஓரத்தில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துவிட்டு எழும்பினாள்.

சந்தூக்கைத் தூக்கினார்கள். கலிமா சொல்லிக்கொண்டு கூட்டம் முற்றத்தைத் தாண்டியது. பெண்கள் படியோடு நின்றுகொண்டார்கள். முனவ்வறா அறைக்குத் திரும்பி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

வாசல் படலையடியில் முபாறக் கூட்டத்தை நிறுத்தினார். மதிலோரம் ஒதுங்கி நின்ற புண்ணியமூர்த்தியைக் கைகாட்டி அழைத்தார். அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, முன்பக்கத்தில் ஒருவரிடமிருந்து தடியைத் தோளில் வாங்கினார். அவர் கட்டையான மனிசன். சந்தூக்கு அவர் பக்கம் சரிந்தது. முன்பக்கத்து மற்றத் தடியைத் தோளில் வாங்கியிருந்த முபாறக் நல்ல உயரம், நெடுவல். அவர் முழங்காலை மடித்துத் தோளைப் பணித்தார். சந்தூக்கு நேரானது. வீதி முடக்கில் மறையும்வரைக்கும் அவர் அப்படியே, நிமிராமல் நடந்து போனார்.