தண்ணீருக்குள் எங்கள் கம்பி

எங்கள் அணை ஏரி நிறைந்த நாளிலிருந்து, வசந்தகாலச் சபை விருந்துக்குக் கிராப்பி மீன் எங்கள் லெட்பெட்டர் வீட்டுப் படகிலிருந்துதான் போகும். மீன் கொண்டுவரும் வீட்டார் எழுந்து ஜெபம் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் தட்டில் கைவைப்பார்கள். அப்பாவுக்குப் பிறகு அந்த ஜெபம் என்னுடையது.

டாக்வுட் மரம் வெள்ளையாகப் பூத்தால், கிராப்பி முட்டையிடக் கரையோரப் புதர்களுக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் அதுதான் கணக்கு. இந்த வருடமும் பூத்தது, போனேன். தூண்டில் மிதவை அசையவில்லை. இடையில் குளிர்மழை பெய்ததும், அணையைத் திறந்து தண்ணீரை இறக்கியதும் எனக்குத் தெரியும். அதற்காக இடத்தை மாற்றுவதா? மறுநாளும் அங்கேயே உட்கார்ந்தேன்.

வெர்லீன் டாக்கெட் மட்டும் பெட்டி நிறைய மீனோடு திரும்பினாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்று, போன வருடம்தான் இங்கே குடிவந்தவள்; தலையில் எப்போதும் மஞ்சள் தொப்பி. எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் மீனை அள்ளிக் கொடுத்தாள். என் மனைவி இமோஜீன்கூட வாங்கிவந்து பொரித்தாள். பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை, வாத்து பார்ப்பதாகச் சொல்லிப் பைனாகுலரை எடுத்தேன்.

"ஏங்க, அந்த வாத்து மஞ்சத் தொப்பி போட்டிருக்கா?" என்றாள் இமோஜீன்.

ஒருவர் மீன் பிடிக்கும் இடத்தை இன்னொருவர் நெருங்குவது எங்கள் ஏரியில் மரியாதை இல்லை. தற்செயலாகப் போவதுபோல் தள்ளியே படகை ஓட்டினேன். வெர்லீனே கைகாட்டி அழைத்தாள். மீன் இன்னும் கரையோரம் வரவில்லை, ஏரிக்கடியில் மூழ்கிய பழைய ஓடையின் விளிம்பில் ஆழத்தில்தான் நிற்கிறது, பக்கத்திலேயே தூண்டில் போடுங்கள் என்றாள். இப்படி உண்மையைச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

அப்போது அவள் தூண்டில் அடியில் சிக்கியது. இழுத்தாள். ஒரு சிடார் மரக் கிளை மேலே வந்தது. அதில் சிவப்புச் சாயம் பூசிய வேலிக் கம்பி, இரட்டை முறுக்கு. மீன் ஒதுங்குவதற்காக நாங்கள் மரத்தைக் கல்லோடு கட்டி மூழ்கடிக்கும் கம்பி அது. அந்த முறுக்கு என் தம்பி ஆர்விலின் கைவேலை. இப்படி ஒரு மரம் அங்கே கிடப்பதே எனக்குத் தெரியாது.

"ஆர்வில் காட்டினானா?"

"ஆமாங்க, அவர்தான்."

"சொந்த அண்ணன்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் கிளையைத் தண்ணீரில் விட்டாள். "அண்ணன்கிட்ட சொன்னா, எனக்கு முன்னாடியே தெரியும்டான்னு சொல்வாரு, அப்புறம் பழையபடி டாக்வுட் பூவப் பாக்கப் போயிடுவாருன்னாருங்க."

நான் படகைத் திருப்பினேன். அவள் மீன் பிடித்ததைப் பொறுத்துக்கொள்ளலாம். என் தம்பி வாயிலிருந்து அந்த இடத்தை அவள் கேட்டிருக்கிறாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

விருந்தன்று மேசை நிறைய அவள் மீன். போதகர் பழக்கத்தில் என்னைப் பார்த்தார். பிறகு நினைவு வந்து வெர்லீன் பக்கம் திரும்பினார். அவள் எழப் போனாள். அவள் வாய் திறந்தால் அந்த ஜெபம் எங்கள் வீட்டை விட்டுப் போய்விடும். நான் சொன்னால் அது பொய்.

"மீன் நின்னது ஆர்வில் போட்ட மரத்துல," என்றேன். "டேய், நீ சொல்லு."

வெர்லீன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். ஆர்வில் எழுந்தான்; காது சிவந்திருந்தது. "அண்ணே, எனக்கு நீளமா வராது," என்று முணுமுணுத்துவிட்டு, இரண்டே வரியில் முடித்தான். என் ஜெபத்தில் மீன் ஆறிவிடும் என்று இத்தனை வருடம் முணுமுணுத்தவர்கள், சூடாகவே தின்றார்கள். மீன் நன்றாக இருக்கிறது என்று ஆளுக்கு ஆள் அவனிடம் போய்ச் சொன்னார்கள்.

நானும் ஒரு துண்டு எடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது.