ஏணி உயரமா, டவர் உயரமா?

என் கணவருக்கு ஆட்டக்களத்தில் ஏணி என்று பெயர். எனக்கு வாய்த்த மருமகனுக்கு டவர் என்று பெயர். இருவரும் ஒரே கூடைப்பந்து அணிக்கு சென்டர் ஆடியவர்கள், வெவ்வேறு காலத்தில். தேடிப் பிடித்துப் பெண் கொடுக்கவில்லை, மகள் தானாகவே பார்த்துக்கொண்டாள். எங்கள் வீட்டு நிலைவாசலில் இடித்துக்கொள்ள ஒரு தலை போதாது என்று கடவுள் நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

இவர்களில் யார் பெரிய ஆள் என்பதுதான் அந்த அணி ஆடும் அரங்கத்தில் மாலை நேரத்துப் பேச்சு. ஏணியின் காலத்தில் உயரமான ஆட்டக்காரர் வளையத்துக்கு அடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பந்து வந்தால் திரும்பிப் போடுவார். யாராவது குறுக்கே வந்தால் முழங்கை பேசும். டவரோ கோட்டுக்கு வெளியிலிருந்து மூன்று பாயிண்ட் எறிகிறார், மைதானம் முழுக்க ஓடுகிறார். பக்கத்துச் சலூன்காரர் ஏணி கட்சி, அணியின் செக்ரட்டரி டவர் கட்சி. அந்தக் காலத்து ஆட்களுக்கு ஓடத் தெரியுமா என்பார் இவர். இந்தக் காலத்து ஆட்களுக்கு இடி வாங்கத் தெரியுமா என்பார் அவர். பேச்சு வளருமே தவிர முடியாது.

முடிவு சொல்லக்கூடியது சுவர் ஒன்றுதான். சென்டராக ஆடுகிறவர் உள்ளங்கையில் பெயிண்டைத் தடவி, நின்ற இடத்திலிருந்து எம்பி, பின்சுவரில் அறைய வேண்டும் என்பது அங்கே வழக்கம். சுவரில் எத்தனையோ கைகள். எல்லாவற்றுக்கும் மேலே ஏணியின் நீலக் கை. முழங்கால் போய், ஆட்டத்தை விட்டு, ஹார்டுவேர் கடைக் கல்லாவில் உட்கார்ந்த பிறகு அவருக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான். ஆணி வாங்க வருகிறவர்கூட அந்தக் கதையைக் கேட்காமல் தப்ப முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கைக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் ஒரு சிவப்புக் கை விழுந்தது. டவருடையது. எல்லோரும் கைதட்டினார்கள், என் மகள் உட்பட. என் கணவரும் தட்டினார். ஆனால் முகம் தொங்கிப்போனதை நான் பார்த்தேன். மருமகன் தங்கமான பிள்ளைதான், இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது.

எரிச்சலோடு போய்ச் சுவரோரத் திட்டில் உட்கார்ந்தேன். அவர் ஆட்டத்தை விட்ட பிறகு நான் அந்தத் திட்டுப் பக்கமே போனதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அதே திட்டில் உட்கார்ந்துதான் அவர் ஆட்டத்தைப் பார்ப்பேன். அப்போதெல்லாம் என் கால் தரையைத் தொடாது. குள்ளச்சி என்று கேலி செய்வார். இப்போது இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிந்திருந்தன. இந்த வயதில் நான் வளர்ந்திருக்க வழியில்லை. குனிந்து பார்த்தேன். அப்போது இருந்தது சிமெண்ட் தரை. இடையில் அதன்மேல் கட்டை கொடுத்துப் பலகை போட்டிருக்கிறார்கள். நாலு விரல் உயரமாவது இருக்கும். தரைக்கு ஏற்றபடி வளையத்தை உயர்த்தியவர்கள் சுவரில் இருந்த கைகளை மறந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கொட்டித் தீர்த்தேன். உண்மையில் உங்கள் கைதான் மேலே, நாளைக்கே செக்ரட்டரியை ஒரு பிடி பிடிக்கிறேன் என்றேன். அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை.

"தெரியும். அந்தப் பலகைய போடச் சொன்னதே நான்தான்."

"நீங்களா? எதுக்கு?"

"சிமெண்ட்ல குதிச்சுக் குதிச்சு என் முட்டி போச்சு. பின்னால வர்றவனுக்காவது மிஞ்சட்டும்னு கமிட்டிகிட்ட சண்ட போட்டேன். அப்ப மாப்ள யாருன்னே நமக்குத் தெரியாது. நீ வாயத் திறக்காத."

தலையாட்டினேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

மறுநாள் மதியம் சாப்பிட வந்த மருமகனிடம், தட்டு வைப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. அவர் சாப்பிட்டு முடித்தார். எழுந்து கை கழுவும்போது, கடையில் கறுப்பு பெயிண்ட் இருக்குமா என்று மட்டும் கேட்டார்.

மாலையில் நானும் கணவரும் போனபோது சுவருக்கு முன்னால் கூட்டம். நீலக் கைக்குப் பக்கத்தில் 'சிமெண்ட்' என்றும், சிவப்புக் கைக்குப் பக்கத்தில் 'பலகை' என்றும் கறுப்பில் எழுதியிருந்தது. மருமகன் பிரஷும் கையுமாக நின்றார்.

"மாமா, அந்தச் சிமெண்ட்ல நான் ஒரு சீசன்கூடத் தாங்கியிருக்க மாட்டேன்."

என் கணவர் சுவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் ஒரு முறை முறைத்தார். அதை வீட்டில் சமாளித்துக்கொள்ளலாம்.

"எழுத்து கோணலா இருக்கு மாப்ள" என்றார்.

அதற்குள் சலூன்காரரும் செக்ரட்டரியும் தரையின் உயரத்தைக் கழித்து, ஷூ அடித்தோலின் தடிமனைக் கூட்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார்கள். என் கணவர் இருவரையும் விலக்கி நடுவில் உட்கார்ந்து, டவர்தான் பெரிய ஆள் என்று அடித்துப் பேசத் தொடங்கினார். மருமகன் விடுவாரா? ஏணிதான் என்று எதிர்க்கட்சியில் சேர்ந்துகொண்டார்.

இது இன்றைக்கு முடியாது என்று தெரிந்தது. நான் போய் என் திட்டில் உட்கார்ந்தேன். கால் தரையில் சுகமாகப் பதிந்தது.