சாய்ந்த ஸ்டியரிங்

“இன்னொரு தள்ளு!” என்று யாரோ கத்த, மஞ்சு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு காரின் பின்பக்கம் கை கொடுத்தாள். அப்பா வீட்டுக்குள் கண்ணாடிப் பெட்டியில் கிடக்கிறார். அவர் கார் இலஞ்சித் தெருமுனை வாய்க்காலில் இடது சக்கரத்தை விட்டுக்கொண்டு கிடக்கிறது. இரண்டும் ஒரே நாளிலா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கார் மேலே ஏறியது. உருட்டிக்கொண்டுபோய் வீட்டு வாசலில், சாமியானா ஓரமாக நிறுத்தினார்கள். தென்காசிக்குப் போய் மாலை வாங்கி வந்த சித்தப்பா தில்லைநாயகம் முகம் வெளுத்து இறங்கினார். மாலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“நான் நேராத்தான் புடிச்சேன். அதுவா போய் விழுந்துட்டு.”

நேராகப் பிடித்ததுதான் தப்பு. கொஞ்ச மாதமாகவே அந்த ஸ்டியரிங் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. சாய்த்தே பிடித்தால் வண்டி நேராகப் போகும். பார்வைக்கு நேராக வைத்தால் இடது ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். தீபாவளிக்கு வந்திருந்தபோது மஞ்சு ஒருதடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, “இத சரி பண்ணுங்கப்பா” என்றாள். “ரோடு வாட்டமா கெடக்கு” என்றார் அப்பா. முப்பது வருஷம் போலீஸ் ஜீப் ஓட்டிய இசக்கிப்பாண்டி சொன்னால் ரோடுதான் கோணல். அதற்கு மேல் யார் பேசுவது?

துஷ்டி வீட்டு வாசலில், சாவுக்கு வந்த ஆண்களுக்கு நாற்காலியைத் தேய்ப்பதைத் தவிர வேலை கிடையாது. ஒரு வேலை வாய்த்துவிட்டால் விடமாட்டார்கள். ஒருவர் டயரை உதைத்துப் பார்த்து, காற்று கம்மி என்றார். இன்னொருவர் ஒரு பக்கம் பிரேக் பிடிக்கிறது என்றார்.

“ஸ்டியரிங்கக் கழட்டி நேரா மாட்டிட்டா முடிஞ்சுது சோலி” என்றார் சித்தப்பா.

“ஏ, அதுல கைய வைக்காதிய!” என்று எழுந்தார் மைதீன். தென்காசி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், அப்பாவின் சேக்காளி. காலையிலிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு இப்போது உயிர் வந்துவிட்டது. “கழட்டி மாட்டுனா பார்க்க நல்லா இருக்கும். கோளாறு கீழ அப்படியே கெடக்கும். காத்தும் சரியாத்தான் இருக்கு. பிரேக் புடிச்சா வண்டி இப்படி உருளுமா? தள்ளுனம்லா?”

சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வண்டிக்குக் கீழே படுத்தார். கொஞ்ச நேரம் முனகல் மட்டும் கேட்டது.

“இடது டை ராடு வளைஞ்சிருக்கு. சக்கரத்தத் திருப்புத கம்பி இதான. அது வளைஞ்சா சக்கரம் ஒரு பக்கம் பாக்கும், ஸ்டியரிங் இன்னொரு பக்கம் பாக்கும்.”

“இப்ப வாய்க்கால்ல விழுந்ததுலயா?” என்று கேட்டார் சித்தப்பா.

“இல்ல. வளைஞ்ச எடத்துல துரு ஏறிட்டு. ரொம்ப முந்தியே எங்கயோ கல்லுல நல்லா முட்டியிருக்கு.” வெளியே வந்து மண்ணைத் தட்டினார். “எத்தன மட்டம் கேட்டேன், கொண்டா பாக்கேன்னு. கடப்பக்கமே வரமாட்டேன்னுட்டான் பாவிப்பய.”

சித்தப்பாவின் பார்வை மஞ்சுவிடம் வந்து நின்றது. “அண்ணன் ஒரு கோழிய இடிச்சது கெடையாது. ஏட்டி, தீவாளிக்கு நீதான எடுத்துட்டுப் போன?”

“அப்பவே சாஞ்சுதான் இருந்துச்சு சித்தப்பா.”

“பொம்பள கைல வண்டியக் குடுத்தா இதான். காரியம் முடியட்டும், நான் கொண்டு போயிருதேன். இங்கன யாரு ஓட்டப்போறா?”

“வண்டி இங்கனதான் நிக்கும்.”

“நீ நாளைக்கு வாசுதேவநல்லூருக்கு, உன் வீட்டுக்குப் போயிருவ. உங்கம்மா இதுமேல வத்தல் காயப்போடவா?”

நாற்காலிகளில் இரண்டு பேர் சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்கள். மஞ்சுவுக்குக் காது சுட்டது. அப்பா வாங்கிய கார். அவர் கிடக்கும்போதே கேட்கிறார்களே என்று பல்லைக் கடித்தாள்.

“நாந்தான் முட்டுனேன்.”

அம்மா வாசல்படியில் நின்றாள். குருவம்மாள் அத்தனை ஆண்களுக்கு முன்னால் குரலை உயர்த்திப் பேசி மஞ்சு கேட்டதில்லை.

“ஆடி மாசம் ஐந்தருவிக்குப் போய்ட்டு வந்தோம். சாரல் அடிச்சுட்டு இருந்துச்சு. ஓட்டிட்டே இருந்தவுக தல சாஞ்சு கண்ணு சொருகிட்டு. முன்னால குளிக்கப் போற கூட்டம், பிள்ளயும் குட்டியுமா. நான் ஸ்டியரிங்கப் புடிச்சு என் பக்கமா இழுத்தேன். ரோட்டோரத்துக் கல்லுல முட்டி நின்னுச்சு. ஒரு பிள்ள மேல படல.”

சித்தப்பா வாசல்படிக்கே போய் நின்றார்.

“மறச்சிட்டியளே மதினி. ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருந்தா எங்கண்ணன் இருந்திருப்பாரு. நீங்கதான் கொன்னுட்டிய.”

“போனோம். திருநவேலில பெரிய டாக்டர்ட்டயே காட்டுனோம். நெஞ்சக் கீறணும்னாரு. கீறுனாலும் உறுதி சொல்ல முடியாதுன்னாரு. அவுக வேண்டாம்னுட்டாவ. அவுக உசுரு, அவுக சொன்னாவ. உங்கட்டச் சொன்னா என்ன செஞ்சிருப்பிய? சாவியப் புடுங்கிட்டு மூலைல உக்கார வச்சிருப்பிய. அருவிக்குப் போணும், அம்புட்டுதான் அவுக கேட்டது. அதுக்கப்பறம் நான் கொண்டு போனேன். அவுக சொல்லித்தந்தாவ, நான் ஓட்டுனேன். ஊரு முழிக்க முன்ன போய்ட்டு வந்துருவோம்.”

“லைசென்ஸ் இருக்கா?” என்று ஒரு குரல் பந்தலுக்குள்ளிருந்து வந்தது.

“நான் போலீசுக்காரன் பொண்டாட்டிலே. இல்லாம ஓட்ட விடுவாவளா?”

மைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்கிட்டயாவது வண்டியக் கொண்டு வந்திருக்கலாம்லா தங்கச்சி?”

“கீழ படுத்துப் பாத்தா எங்க முட்டுனதுன்னு கேப்பிய. அவுகளுக்குப் பொய் சொல்ல வராதுண்ணே.”

வராதாம். ரோடு வாட்டம் என்று பெற்ற மகளிடம் சொன்னது யாராம்? மஞ்சுவுக்குக் கோபம் பொங்கியது. தன்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாவியைப் பிடுங்கியிருப்பாளா? பிடுங்கியிருப்பாள். அது தெரிந்ததும் கோபத்தை யார்மேல் வைப்பதென்று அவளுக்குப் புரியவில்லை.

“இப்பவே நேராக்கித் தாங்கண்ணே” என்றாள் அம்மா. “சுடுகாட்டுக்கு நான் இதுலதான் போவேன்.”

பந்தல் கொதித்தது. தெருமுனையோடு திரும்பி வந்து வீட்டைக் கழுவுவதுதான் பெண்கள் வேலை என்றார்கள். தாலி அறுக்காத கழுத்தோடா என்று ஒரு கிழவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“கிட்ட வரல. சுடுகாட்டு வாசல் வரைக்கும்தான் போறேன். இத்தன நாளும் நாந்தான கொண்டுபோய் விட்டேன்?” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். நீர்மாலைக்குப் போனவர்கள் அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர்க் குடத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

மைதீன் கடைக்கு ஆளனுப்பி ஸ்பேனர் வரவழைத்தார். மஞ்சு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை நேராக நிறுத்தி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “அசையப்படாது தாயி” என்றது கீழேயிருந்து குரல். லாக் நட்டைத் தளர்த்தி, கம்பியைத் திருகி, வெளியே வந்து ஒற்றைக் கண்ணால் இரண்டு சக்கரத்தையும் பார்த்து, மறுபடி போய்ப் படுத்தார். உள்ளே அப்பாவைக் குளிப்பாட்டும் ஒப்பாரி எழுந்தது. மஞ்சு அழுதாள். மூக்கைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

“ஒப்பேத்தி வச்சிருக்கேன்” என்றார் மைதீன், நட்டை முறுக்கிவிட்டு. “ராடு புதுசு மாத்தணும், அலைன்மெண்டும் பாக்கணும். இப்ப உருட்டிட்டுப் போற மாதிரி போங்க.”

ஆண்பிள்ளை இல்லாத வீடு. கொள்ளிச்சட்டியோடு சித்தப்பா அமரர் ஊர்தியில் ஏறினார். பைக்குகள் பின்னால் போயின. தெருமுனையில் பெண்கள் திரும்பினார்கள். அம்மா திரும்பவில்லை. காரில் ஏறிச் சாவியைப் போட்டாள். மஞ்சு ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கிளம்பியதும் வண்டி வலப்பக்கம் ஒதுங்கியது.

“எம்மா, நேராப் புடி. இப்ப நேராத்தான் புடிக்கணும்.”

“கை பழகிப்போச்சுட்டி” என்றாள் அம்மா. தென்னந்தோப்பு முடிவதற்குள் கை சரியாகிவிட்டது. அவள் ஓட்டுவதை மஞ்சு இப்போதுதான் பார்க்கிறாள். நன்றாக ஓட்டினாள். வளைவில் வேகத்தைக் குறைத்து, கண்ணாடி பார்த்து, அப்பா ஓட்டுகிற மாதிரியே. மஞ்சுவுக்குப் பெருமையாக இருந்தது.

ஆற்றங்கரைச் சுடுகாட்டு வாசலை அடைத்துக்கொண்டு பைக்குகள் நின்றன. உள்ளே ஊர்தியிலிருந்து அப்பாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வந்திருந்த ஆண்கள் காரைப் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

அம்மா ஹாரனை அழுத்தினாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் கையை எடுக்காமல் இன்னும் நீளமாக அழுத்தினாள்.

சித்தப்பா கொள்ளிச்சட்டியோடு வாசலுக்கு வந்தார். புகை கண்ணில் ஏறி முகமெல்லாம் ஈரமாக இருந்தது. காரை ஒருதடவை பார்த்தார். பிறகு பின்னால் நின்றவர்களிடம் அதட்டினார்.

“ஏலே, பைக்க எடுங்கலே. மதினி வண்டி உள்ள வரணும்லா.”

அம்மா முதல் கியரைப் போட்டாள்.