பத்து நாள் ஊற்றிய தண்ணீர்

சுபிக்ஷாவுக்குத் தொங்கும் செடி என்றால் உயிர். உயிர் என்றால், வீடியோ காலில் தலைக்குப் பின்னால் அழகாக விழ வேண்டும், அவ்வளவுதான். ஜாதவ்பூர் வீட்டு மாடிக்கு அவள் குடிவந்தபோது, கீழே பலகாரக் கடை வைத்திருந்த நீலாவதி அக்கா தன் ஹோயாக் கொடியில் ஒரு தண்டை வெட்டித் தொட்டியில் ஊன்றிக் கொடுத்தாள். செத்துப்போன புருஷன் வாங்கி வந்து கடை ஜன்னலில் தொங்கவிட்ட கொடி அது.

“ஜன்னல் பக்கம் மாட்டும்மா. இருட்டுல பொழைக்காது. மண்ணு காஞ்சப்புறம்தான் தண்ணி விடணும்.”

மகராசி கேட்டாளா? வெளிச்சம் எட்டிப் பார்க்காத மூலையில் மாட்டினாள். வாட வாடத் தண்ணீர் ஊற்றினாள். இரண்டே மாதத்தில் வேர் அழுகிவிட்டது. சொல்லித் தொலைத்திருக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் கொடி ஒன்றை வாங்கி அதே தொட்டியில் செருகினாள். ஹோயா இலையே மெழுகு பூசினாற்போலத்தான் இருக்கும். அக்காவுக்குப் பார்வையும் மட்டு. முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்தே விட்டது.

பூஜை விடுமுறைக்குத் திருச்சி கிளம்பும்போது சாவியை அக்காவிடம் கொடுத்தாள். “செடிய நான் பாத்துக்கறேன்” என்று அக்கா சொன்னபோதும் வாய் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்துத் திரும்பியதும் அக்கா படியேறி வந்தாள். கையில் கத்தரிக்கோலும் ஈரத்துணியும்.

“கடைக்கு வெள்ளையடிக்க வந்தவங்க என் கொடிய மொட்டைமாடி வெயில்ல வெச்சு மறந்துட்டாங்கம்மா. கருகிப்போச்சு. தெனம் இங்க வந்து மண்ணு காஞ்சிருக்கான்னு பாத்து தண்ணி விடறப்போ, அவரு கொடி இங்கயாவது இருக்கேன்னு மனச தேத்திக்கிட்டேன். இலை உதிர்ந்துடுமோன்னு தொடக்கூட இல்ல. ஒரு தண்டு குடு.”

சுபிக்ஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகத் தொடங்கிய அன்றே சொல்லியிருந்தால் அக்கா இன்னொரு தண்டு தந்திருப்பாள். அதுவாவது பிழைத்திருக்கும்.

அக்கா கொடியைத் தூக்கிக் கத்தரிக்கோலை வைத்தாள்.

“வெட்டாதீங்கக்கா.” சுபிக்ஷா தலை நிமிரவில்லை. “அது பிளாஸ்டிக். நீங்க குடுத்தது எப்பவோ செத்துடுச்சு.”

நீலாவதி ஓர் இலையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். திட்டவில்லை. ஈரத்துணியை நிதானமாக மடித்தாள்.

“ஊருக்குப் போன் பண்ணி, தண்ணி போதுமான்னு கேட்டேனே. போதும்க்கான்னு சொன்னியே?”

மாடிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கீழே போய்விட்டாள்.