கிரிவலப் பாதையில் பன்னிரண்டாவது பாலிசி

பாத்திரக்கடை கோதண்டராமனைப் போல ஓடி ஒளியத் தெரிந்த மனிதர் திருவண்ணாமலையில் இன்னொருவர் கிடையாது. நான் கடையின் முன்வாசலில் செருப்பைக் கழற்றினால், அவர் பின்வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். வீட்டுக்குப் போனால் அவர் மனைவி பொன்னி தருகிற காபியைக் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஒரே ஒரு தடவை நேருக்கு நேர் சிக்கியபோது, "அடுத்த மாசம் கண்டிப்பா போட்டுடறேம்மா" என்றார். அது போன ஆடியில். இப்போது மறு ஆனி வந்துவிட்டது.

1998-ஆம் வருஷம் அது. நாடு முழுக்க இருந்த தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகளை எல்லாம் ஒன்றாக்கி நாற்பது வருஷத்துக்கு மேலாக அரசாங்கம் நடத்துகிற கம்பெனிக்கு நான் ஏஜென்ட். எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் கீழ்பென்னாத்தூர் கடலைக்காட்டு வரப்பு வரை நடந்து ஆள் பிடிக்க என்னைப் போன்றவர்கள்தான் வேண்டும். ஆனால் வருஷத்துக்குப் பன்னிரண்டு புது ஆட்களையாவது சேர்க்காவிட்டால் ஏஜென்சியைப் பறித்துவிடுவார்கள். என் கணக்கில் பதினொன்று. மறுநாளோடு என் வருஷம் முடிகிறது. ஏஜென்சி போனால் மறுபடி என் மைத்துனரின் சிமெண்ட் கடையில் பில் எழுத உட்கார வேண்டும். அந்த மனிதர் பேனாவைக் கையில் தர மாட்டார், வீசுவார். என் சம்பாத்தியத்தில் சேலை எடுத்த ருசி கண்ட பிறகு அங்கே போக எனக்கு மனமே இல்லை.

அன்று பௌர்ணமி. கோதண்டராமன் கிரிவலம் தவறமாட்டார். மலையை வலமாகத்தான் சுற்றுவார்கள். பாதியில் திரும்பி இடமாக நடக்க யாருக்கும் மனசு வராது. இந்த யோசனை வந்ததும் குளிக்கும்போதே சிரித்துவிட்டேன். சாயங்கால வெயிலில் வெறுங்காலோடு முன்னாலேயே கிளம்பி, அடி அண்ணாமலையில் ஒரு வெள்ளரிக்காய்க்காரியின் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

வந்தார். என்னைப் பார்த்தார். கால் நின்றுவிட்டது. திரும்ப முடியாது. முன்னால் வந்தால் நான். என்ன செய்தார் தெரியுமா? கூப்பிடு தூரத்தில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் என் சாமர்த்தியத்தின் லட்சணம் எனக்கே விளங்கியது. நானும் கிரிவலம் தொடங்கியவள். அவரை நோக்கி நடந்தால் நானும் இடமாக நடந்தவள் ஆவேன். அவர் அங்கே, நான் இங்கே, நடுவில் பஜனை பாடிக்கொண்டு ஊரே போகிறது. கத்தினேன், கேட்கவில்லை. கையை ஆட்டினேன். அவரும் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து வந்த ஒரு பால்காரர் என்னிடம் நின்றார். "டீக்கடையில உக்காந்திருக்காரே, அவரு ஊர்ல இல்லைனு உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு."

பதில் சொல்லி அனுப்பலாம் என்றால் அந்தப் பக்கம் போகிற ஆளே கிடையாது. சேதி எல்லாம் அவரிடமிருந்துதான் வரும். அடுத்து ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கிற ஒரு வெள்ளைக்காரர் வந்து கைகூப்பினார். பாடம் ஒப்பிப்பதுபோல், "அடுத்த மாசம்" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். வெள்ளரிக்காய்க்காரி வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்து புரையேறியது.

மூன்றாவதாக வந்தது, அவருக்குப் பின்னால் நடந்து வந்திருந்த பொன்னி.

"நீங்க போனாதான் எழுந்திருப்பாராம்" என்றாள். "தப்பா நெனைக்காதீங்க அக்கா. அவருக்குப் பணம் பிரச்சினை இல்ல. அந்த ஃபாரத்துல கையெழுத்து போட்டா எமனுக்கு விலாசம் குடுத்த மாதிரின்னு பயம்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். சிமெண்ட் கடையின் தூசி அப்போதே மூக்கில் ஏறியது.

பொன்னி போகவில்லை. புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். "ஏன்க்கா, பொம்பளைங்களுக்குப் போட மாட்டாங்களா?"

"போடுவாங்க. சொந்த வருமானம் இருந்தா இன்னும் சுலபம்."

"தியானத்துக்கு உக்கார மெத்தை தச்சு செங்கம் ரோட்டுல மூணு கடைக்குக் குடுக்கறேனே. ஆர்டர் ஜாஸ்தியாகி ஒரு ஆளு வேற வச்சிருக்கேன்."

ஒரு வருஷமாக அந்த வீட்டுக் கூடத்தில், அந்த மெத்தைகளில் ஒன்றின் மேல் உட்கார்ந்துதான் காபி குடித்திருக்கிறேன். குடித்துவிட்டு, "வீட்டுக்காரர் எப்ப வருவாரு?" என்று கேட்டிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

வெள்ளரிக்காய்க்காரி தட்டுகளை ஒதுக்கி இடம் கொடுத்தாள். பையிலிருந்து ஃபாரத்தை எடுத்து, பெயர், வயசு, தொழில் என்று எழுதிக்கொண்டே போனேன். தொழில் என்ற இடத்தில் 'மெத்தை தயாரிப்பு' என்று எழுதியதும், "இன்னொரு தடவை படிங்க" என்றாள் பொன்னி. படித்தேன்.

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பணம் யாருக்குப் போகணும்?"

அவள் டீக்கடைப் பக்கம் பார்த்தாள். "அந்த மனுஷனுக்குத்தான். நான் இல்லன்னா சுடுதண்ணி வைக்கக்கூட தெரியாது."

அவள் குனிந்து கையெழுத்துப் போடுவதை அவர் பார்த்துவிட்டார். பெஞ்சிலிருந்து எழுந்து, பஜனைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். என்னைக் கண்டு ஓடுகிறவர் முதல் தடவையாக என்னை நோக்கி ஓடி வந்தார்.

"இன்னா எழுதுன?" என்றார் மூச்சு வாங்க.

"எம் பேர்ல ஒரு பாலிசி."

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஃபாரத்தைத் தொடப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. "ஏஜென்ட்டம்மா, அவ பேரை அடிச்சிடுங்க. எம் பேரை எழுதுங்க. எங்க கையெழுத்து போடணும், சொல்லுங்க. வர்றது எனக்கே வரட்டும். அவளை இதுல இழுக்காதீங்க."

ஒரு வருஷம் நான் பேசிய பேச்செல்லாம் அசைக்காத மனிதர் சட்டைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். பொன்னி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மை காய ஃபாரத்தை ஊதி, பத்திரமாக என் கையில் கொடுத்தாள்.

"அவருக்கு வேற ஃபாரம் எடுங்கக்கா" என்றாள். "இது என்னுது."