அப்பாவின் சளி குறைந்த மாதம்

திட்டு வாங்குவதுதான் என் உத்தியோகம். வாஷிங் மெஷின் பழுதான மகராசர்கள் எல்லாரும் கம்பெனிக்குப் போன் போட்டால், அது என் வீட்டு ஹாலில், என் காதில் வந்து விழும். "மன்னிக்கணும் சார்" என்று ஒரு நாளைக்கு அறுபது தடவையாவது சொல்வேன். வாங்கிக் கட்டிக்கொண்டதை எல்லாம் வீட்டில்தான் இறக்கிவைப்பேன். வீட்டில் இருப்பது அப்பா ஒருவர்தான்.

லாரி ஓட்டியவர். எண்பத்தொரு வயது. எந்நேரமும் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு கர்புர் என்று இழுக்கும். மாதம் ஒரு தடவை வந்து பார்க்கிற நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். சாப்பாட்டுக்கு முன் அவரை உட்காரவைத்து, உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்ட வேண்டும். பிறகு மூச்சை இழுத்து இருமச் சொல்லி, கிண்ணத்தில் துப்பவைக்க வேண்டும்.

"சின்னதுல உன் முதுகுல நாலு வெச்சதுக்கு இப்பப் பழி தீர்த்துக்கிறியா பாப்பா?" என்பார் அப்பா. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

ஒருநாள் யாரோ ஒரு அம்மாள் புகார் கொடுத்துவிட்டாள், போனில் பின்னால் ஒருத்தர் சாகக் கிடக்கிற மாதிரி சத்தம் வருகிறதாம். மேலாளர் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்றார். நான் நேரே அப்பாவிடம் போய்க் கத்தினேன்.

"நான் பேசறப்ப கொஞ்சம் அடக்கினா என்ன? உயிரா போயிடும்?"

அப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்த வேகத்தில் போய்விடும். சாயங்காலம் அதை மறந்தே போனேன்.

அதன்பின் கிண்ணத்தில் விழுவது நாளுக்கு நாள் குறைந்தது. மதியமும் ராத்திரியும் இரண்டு அழைப்புகளுக்கு நடுவே ஓடிப்போய்த் தட்டுவேன். அவர் மெல்லச் செருமி, "இவ்வளவுதாம்மா, நீ போய் வேலையப் பாரு" என்பார். நானும் நம்பினேன். அண்ணனுக்குப் போன் செய்து பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

"சளி பாதியாக் கொறஞ்சிடுச்சுண்ணா. எல்லாம் என் கைராசி!"

இன்று காலை நர்ஸ் வந்தார். அப்பாவின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லை. கீழே, பக்கவாட்டில், மறுபடியும் கீழே என்று வைத்துவைத்துப் பார்த்தார்.

"கடைசியா எப்பம்மா நல்லா இருமினார்?"

"சளிதான் பாதியாக் கொறஞ்சிடுச்சே," என்றேன்.

"கொறையலம்மா. எல்லாம் உள்ளேயே தங்கிடுச்சு. இருமினாத்தானே வெளிய வரும்?" என்றவர், அப்பாவிடம் குனிந்தார். "ஏங்கய்யா, இருமல் வரலையா உங்களுக்கு?"

அப்பா முதலில் என்னைப் பார்த்தார். பிறகு, மடியில் கிடந்த துண்டைப் பார்த்தார்.

"வருது. துண்ட வாயில அடச்சுக்குவேன். பாப்பா போன்ல இருக்குமே."

நான் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் போனில் இருக்கிறவள்.

நர்ஸ் ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வாசலுக்குப் போனார். அப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். தினமும் மூன்று வேளை அந்த முகத்தைப் பார்த்துத்தானே சோறு போட்டேன்? என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஹாலில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டினேன்.

"இருமுங்கப்பா. சத்தமா இருமுங்க. எவன் காதுல வேணாலும் விழட்டும்."

அப்பா கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்றார். அதுவும் வரவில்லை.

தலையை மெல்லத் திருப்பினார்.

"வர மாட்டேங்குது பாப்பா," என்றார். "கோவிச்சுக்காத."